மெதேன் தட்டையானது அல்ல

கமலாம்பிகை அக்கா போய்விட்ட செய்தி எனக்குக் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கிடைத்தது. தெல்தோட்டை பஸ்ஸில் யன்னலோரமாக இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த நேரம் தொலைபேசி அடித்தது. திகனவிலிருந்து ஸுல்பிகா பேசினாள். ஒரு காலத்தில் எங்கள் இருவரிடமும் இரசாயனம் படித்தவள். இன்று அவளே ஒரு பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கிறாள்.

“பிலோமினா மிஸ், எங்கட மெதேன் மிஸ் மௌத்தாப் போயிட்டாங்க மிஸ். இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து சொன்னாங்க” என்றாள். 

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அந்த வாரம்தான் வார்ட்டில் போய்ப் பார்த்திருந்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “பிணைப்புப் பாடம் தொடங்கப் போகுது எல்லே? பலூன் வாங்கியிட்டீரோ?” என்பதுதான். “முதல்ல உங்க உடம்பப் பாருங்கக்கா” என்றேன். “என்ரை உடம்பை டொக்டர் பாப்பார். நீர் பலூனைப் பாரும்” என்றார். அப்படிப்பட்டவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அவருடைய ஊர் வடக்கே அளவெட்டி. யுத்தத்தால் வடக்குப் பாதை பூட்டியிருப்பதால் அங்கிருந்து ஒருவராலும் வர முடியவில்லை. அண்ணர் தொலைபேசியில் அழுதார். “தங்கச்சியைக் கொண்டுவர வழியில்லையோ பிள்ளை?” என்று கேட்டார். வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வழி இருந்திருந்தாலும் அக்கா போயிருக்க மாட்டார். தன்னை கண்டி மகியாவை மயானத்தில்தான் எரிக்கவேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லி வைத்திருந்தார். “கண்டியை விட்டுப் போ எண்டு எத்தினை பேர் சொல்லிப் போட்டாங்கள். செத்த பிறகாவது போயிட்டாள் எண்டு அவையள் நினைக்கக் கூடாது” என்பது அவர் சொன்ன காரணம். அப்படியே செய்தோம்.

மயானத்தில் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் சொல்லி வைத்தாற்போல, இரசாயனப் பிணைப்பைக் கற்பித்தவர் இனங்களைப் பிணைத்தார் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா உயிரோடு இருந்திருந்தால் பாதிப் பேச்சில் எழுந்து, “எந்தப் பிணைப்பு? அயன் பிணைப்போ, பங்கீட்டு வலுப் பிணைப்போ?” என்று கேட்டிருப்பார். உவமை அவருக்கு ஒத்துவராது. நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் பிணைப்பில் சேராமல் நிற்கும் தனிச்சோடி இலத்திரன்களை விளக்கும்போது, “இதுங்க நம்ம தோட்டத்து ஆளுங்க மாதிரி, யாரோடயும் சேர்க்காம ஓரத்துல விட்ருவாங்க” என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அன்று பகல் ஆசிரியர் அறையில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மூலக்கூறுக்கு அரசியல் தெரியாது பிள்ளை. பிள்ளையளுக்கு முதல் மூலக்கூறைக் காட்டும். அரசியலை நாங்கள் அதிபற்றை கந்தோரிலை பாப்பம்.”

பார்த்தும் காட்டினார். அதைச் சொல்லத்தான் அவருடைய பழைய மாணவர்களாகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நாங்கள் படிப்பித்த கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்குப் பெருமை சேர்ந்துவிடும். அவரை அறிந்த உங்களுக்கு அது எந்தக் கல்லூரி என்று தெரியும்; தெரியாதவர்களுக்குக் கண்டியில் ஒரு கல்லூரி என்பது போதும். அங்கே முதலாம் வருட இரசாயனம் தமிழ் மொழி மூலத்திலும் நடந்தது. தோட்டங்களிலிருந்தும் திகன பக்கத்திலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், பாடத்துக்குப் பொறுப்பானவர். நான் தெல்தோட்டைத் தோட்டமொன்றிலிருந்து படித்து வந்து, அவருக்கு அடுத்த கதிரையில் உட்கார்ந்தவள். அவர் என்னை “நீர்” என்பார். நான் அவரை “அக்கா” என்பேன். சண்டை என்று வந்தால் இரண்டு பேருமே “மிஸ்” என்று கூப்பிட்டுக்கொள்வோம்.

அவருடைய பாடத்தில் இருந்தவர்கள் ஒன்றை மறந்திருக்க முடியாது. மெதேனின் புள்ளிப் படத்தைக் கரும்பலகையில் கீறுவார். நடுவில் ஒரு காபன். மேலே, கீழே, இடம், வலம் என நான்கு ஐதரசன். “பிணைப்புகளுக்கு இடையிலை எத்தினை பாகை?” என்று கேட்பார். வகுப்பு முழுக்க ஒரே குரலில் “தொண்ணூறு” என்று சொல்லும். எந்த வருடமும் தவறியதில்லை. படம் அப்படித்தானே சொல்கிறது? அக்கா சோக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்புவார். “கரும்பலகை தட்டையா இருக்கு எண்டதுக்காக மெதேனும் தட்டையாக் கிடக்கவேணுமோ?”

பிறகு பலூன்களை எடுப்பார். நான்கை ஒரே அளவாக ஊதி, கழுத்துகளை ஒரே முடிச்சில் இறுக்கிக் கட்டுவார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நான்கும் ஒன்றையொன்று தள்ளி, தங்களால் முடிந்த அளவு விலகி நிற்கும். எந்தப் பக்கம் உருட்டிவிட்டாலும் மூன்று கால் ஊன்றி ஒன்று மேலே பார்க்கும். நான்முகி. பாகை தொண்ணூறு அல்ல, நூற்று ஒன்பதரை. இலத்திரன் சோடிகள் செய்வதும் இதைத்தான், ஒன்றையொன்று தள்ளுவதால்தான் மூலக்கூறுக்கு வடிவமே வருகிறது என்பார். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அந்த நான்கையும் மேசையோடு அமுக்கச் சொல்வார். அமுக்கும்வரை தட்டையாக இருக்கும். கையை எடுத்தால் எழும்பிவிடும்.

அடுத்தது தண்ணீர். ஒட்சிசனோடு இரண்டு ஐதரசன்தானே, எனவே இரண்டு பலூன் என்று பிள்ளைகள் அவசரப்படுவார்கள். அவசரப்பட்டவருக்குப் புள்ளி பூச்சியம். ஒட்சிசனிடம் பிணைப்பில் சேராத இரண்டு தனிச்சோடிகளும் இருக்கின்றன. பலூன் நான்குதான் வேண்டும். பிள்ளைகள் எண்ணாமல் விட்ட அந்த இரண்டும் மற்ற இரண்டையும் நெருக்கித் தள்ளுவதால்தான் தண்ணீர் மூலக்கூறு வளைந்து நிற்கிறது. “முதல் எண்ணுங்கோ. பிறகு கீறுங்கோ” என்பார். எண்ணாமல் கீறிய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு விழும். பட்டம் பெற்று வந்த எனக்கே அந்தக் கோடு விழுந்திருக்கிறது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கண்டியும் எரிந்தது. எங்கள் ஆய்வுகூடத்து அலுமாரியை உடைத்து, மூலக்கூறு மாதிரிகள் இருந்த பெட்டியைக் கானுக்குள், சாக்கடைத் தண்ணீரில் கொட்டியிருந்தார்கள். அகதி முகாமில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தோம். அண்ணர் எப்படியோ வந்து சேர்ந்து, வடக்கே போகும் பஸ்ஸில் தங்கைக்கும் இடம் எடுத்துவிட்டார்.

“நான் வரேல்லை அண்ணை” என்றார் அக்கா.

“விசரோ உனக்கு? இஞ்சை என்ன கிடக்கு?”

“பிணைப்புப் பாடம் அரைவாசியிலை நிக்குது. தண்ணியை இன்னும் படிப்பிக்கேல்லை.”

அண்ணர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? எனக்குப் போக வடக்கும் இல்லை, கிழக்கும் இல்லை. பஸ் அவரில்லாமல் போனது.

கல்லூரி மறுபடி திறந்தபோது அதிபர் எங்கள் இருவரையும் அழைத்தார். தமிழ் மாணவர் திரும்பவில்லை. தமிழ் மொழி மூல இரசாயன வகுப்புத் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. கல்வி அமைச்சுக்கும் அப்படியே அறிவித்தாகிவிட்டது என்றார். இந்த நாட்டில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு எவ்வளவு ஆயுள் என்று உங்களுக்குத் தெரியும். அதிபரும் தமிழர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் கதை வசதியாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். கெட்டவர் அல்லர், பயந்தவர். அவர் வீட்டுக்கும் கல் விழுந்திருந்தது. தமிழ் என்று எழுதிய எதுவும் தன் கல்லூரியில் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தார்.

“வரேல்லை எண்டு ஆர் எண்ணினது சேர்?” என்று கேட்டார் அக்கா. அதிபர் மேசையிலிருந்த கோப்பை மூடினார்.

எண்ண நாங்கள் போனோம். தெல்தோட்டை பஸ் ஏறி, அங்கிருந்து தோட்டத்துப் பாதையில் நடந்து, தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டினோம். அக்காவுக்கு அந்த ஏற்றம் பழக்கமில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, எனக்கு முன்னால் நடந்தார். ஒரு லயத்தில் இலட்சுமி என்ற மாணவியின் தகப்பன் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

“அனுப்புறோம் டீச்சர். படிக்கிற புள்ள. ஆனா பத்திரமா திரும்பி வந்துருவாளா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவைப்பார்கள். அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்த உத்தரவாதம் என்னாலை தர ஏலாது ஐயா. எனக்கே இல்லாததை உங்களுக்கு எப்பிடித் தாறது? ஆனா ஒவ்வொரு நாளும் நான் வருவன். அதை மட்டும் சொல்லலாம்.”

 இலட்சுமி மறு திங்களே வந்தாள். திகனவிலிருந்து ஸுல்பிகாவை அவளுடைய வாப்பாவே கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு ஒவ்வொருவராக முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். அதிபர் வகுப்பறை தரவில்லை. நடக்கவில்லை என்று அமைச்சுக்குச் சொன்ன வகுப்பை எந்த அறையில் நடத்துவது? ஆய்வுகூடத்துக்குப் பின்னால் உடைந்த கதிரைகளைப் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அக்கா யாரிடமும் கேட்கவில்லை. கதிரைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பாதியில் நின்ற பிணைப்புப் பாடத்தை மெதேனிலிருந்து மறுபடியும் தொடங்கினார். மாதிரிகள் இருந்த பெட்டிதான் கானுக்குள் போய்விட்டதே! பலூன் வந்தது அப்போதுதான். ஸுல்பிகாவின் வாப்பாவுக்குச் சந்தைக்குப் பக்கத்தில் பென்சி சாமான் கடை இருந்தது. பலூன் அங்கிருந்து வந்தது.

அந்தச் சம்பவம் இரண்டாவது வாரத்தில் நடந்தது. நான்கு பலூனைக் கட்டி மெதேனைக் காட்டி முடித்துவிட்டார். ஐந்து பலூன் கட்டினால் என்ன வடிவம் வரும் என்று காட்ட இன்னொன்றை ஊதிக்கொண்டிருந்தபோது, அது உடைந்த கதிரையொன்றின் ஆணியில் பட்டு வெடித்தது. கல்லூரி வாசலில் ஆமி காவல் நின்ற காலம் அது. பூட்டிய அறைக்குள் வெடிச்சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு சிப்பாய்கள் துவக்கோடு உள்ளே பாய்ந்தார்கள். பின்னால் அவர்களுடைய அதிகாரியும் வந்தார். பிள்ளைகள் எல்லோரும் கையை உயர்த்திவிட்டார்கள். நானும் உயர்த்தினேன். அக்காவின் கையில் மட்டும் அந்த நான்கு பலூன்.

“இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி.

“மெதேன்” என்றார் அக்கா, அதே சிங்களத்தில்.

“வெடிக்குமா?”

“காற்றோடு கலந்து நெருப்புப் பட்டால் வெடிக்கும்.”

 “ஐயோ அக்கா, சும்மா பலூன்னு சொல்லுங்கக்கா!” என்று தமிழில் கத்தினேன்.

“கேட்டதுக்குப் பிழையான விடை சொல்ல ஏலாது பிள்ளை” என்றார். பிறகு அதிகாரியிடம், இது மெதேனின் வடிவம் மட்டும்தான், உள்ளே இருப்பது என்னுடைய மூச்சு என்று விளக்கினார். அதிகாரி நம்பினாரோ இல்லையோ, அதைப் பறித்துத் தன் தோள்பையில் திணிக்கப் பார்த்தார். ஒன்றை உள்ளே தள்ளினால் மற்றொன்று வெளியே வந்தது. மேசையில் வைத்து அமுக்கினார். கையை எடுத்ததும் எழும்பி நின்றது. துவக்கு நீட்டியிருக்கும்போது சிரிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஸுல்பிகாவுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரியின் முகம் சிவந்தது. முடிச்சைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அதிபரின் கந்தோரை நோக்கி நடந்தார்.

அக்கா வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். “கொப்பியளை எடுங்கோ. பாடம் முடியேல்லை. மெதேன் எங்கை போகுதோ அங்கை நாங்களும் போறம்.”

அப்படித்தான் அந்த ஊர்வலம் விறாந்தை வழியாகப் போனது. முன்னால் நான்கு பலூனைத் தூக்கிப் பிடித்த அதிகாரி. பின்னால் அக்கா, அவருக்குப் பின்னால் கொப்பியும் கையுமாகப் பிள்ளைகள், இரண்டு பக்கமும் சிப்பாய்கள், கடைசியில் நான். மற்ற வகுப்புகள் யன்னல்களில் நின்று பார்த்தன.

அதிபர் எழுந்து நின்றார். அதிகாரி பலூன்களை அவருடைய மேசையில் வைத்துவிட்டு நேராகக் கேட்டார். “இவர்கள் உங்கள் மாணவர்களா? இல்லையென்றால் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றுகிறேன்.”

ஜீப்பில் ஏறியவர்களில் எத்தனை பேர் அந்தக் காலத்தில் திரும்பி வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆம் என்றால் அதிபர் அமைச்சுக்கு எழுதியது பொய்யாகிவிடும். தமிழ் வகுப்பு நடக்கிறது என்று ஆமிக்கு முன்னால் அவரே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். இல்லை என்றால் பிள்ளைகள் போய்விடுவார்கள். இலட்சுமியின் தகப்பன் முகம் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

“கமலாம்பிகை, என்னை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறீர்?” என்று அதிபர் மெதுவாகத் தமிழில் கேட்டார். அவருக்கு வியர்த்திருந்தது.

அக்காவின் குரல் உயரவில்லை. “அவசரப்படாதேங்கோ சேர். எண்ணிப்போட்டுச் சொல்லுங்கோ.”

அதிபர் எண்ணினார். விரலை நீட்டி ஒவ்வொரு முகமாக எண்ணினார். பாதியில் எண்ணிக்கை பிழைத்து மறுபடியும் தொடங்கினார். அவ்வளவு பிள்ளைகள் அந்த உடைந்த கதிரை அறையில் தினமும் வந்து இருந்ததை அன்றுதான் அவர் கண்ணால் பார்த்தார். எண்ணி முடிந்ததும் அதிகாரியைப் பார்த்து, “எல்லோரும் எங்கள் மாணவர்கள்” என்றார். அதைச் சொன்னபோது அவருடைய கூன் நிமிர்ந்ததை நான் கண்டேன். அவரைப் பற்றி எவ்வளவு திட்டினாலும் அதை மறைக்க மாட்டேன்.

அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். பலூன் மேசையிலேயே இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு, “நன்றி சேர். இனி எங்களுக்கு எந்த அறை?” என்று கேட்டார். அதிபர் சாவியைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் போயின. கிளர்ச்சிக்காரர்கள் சுவரொட்டி ஒட்டிக் கல்லூரிகளை மூட வைத்த காலம் வந்தது. ஊரடங்கு வந்தது. நகரத்திலேயே குண்டு வெடித்தது. அடையாள அட்டையில் அளவெட்டி என்று இருந்ததால் அக்காவை நிறுத்தாத சோதனைச்சாவடி கிடையாது. நிறுத்தினால் இறங்குவார், பையைத் திறந்து பலூன் பக்கற்றைக் காட்டுவார், ஏறுவார், வகுப்புக்கு வருவார். கல்லூரி திறந்திருந்த ஒரு நாளில்கூட அந்த வகுப்பு நிற்கவில்லை. தைரியசாலி என்று யாராவது புகழ்ந்தால் எரிச்சல் வரும். “பயம் இல்லை எண்டு ஆர் சொன்னது? பயந்துகொண்டும் பாடம் எடுக்கலாம்” என்பார்.

இனி இன்றைக்கு வருகிறேன். போன வாரம் கல்லூரி மண்டபத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். இப்போதைய நிருவாகத்தின் சார்பில் பேசியவர், ஆய்வுகூடத்தில் செல்வி கமலாம்பிகையின் படம் திறந்து வைக்கப்படும் என்றார். கை தட்டினீர்கள். அதே மூச்சில், தமிழ் மொழி மூல வகுப்பில் மாணவர் தொகை குறைந்துவிட்டதால் வரும் வருடத்திலிருந்து அது நடைபெறாது என்றும் சொன்னார். அதற்கும் சிலர் கை தட்டினீர்கள். பழக்கதோஷம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் எழுந்து நின்றேன். “எத்தன பேர் கொறஞ்சிட்டாங்க?” என்று கேட்டேன்.

“நிறையக் குறைவு மிஸ்” என்றார்.

“எண்ணினீங்களா?”

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் மேசையில் இருந்த மாலையைப் பார்த்தார். அதிபர் கந்தோருக்கு அன்று போனபோது நான் கடைசி ஆளாகப் போனேன். இந்த முறை முன்னால் போய் நின்றேன்.

அக்காவின் படம் எனக்கு வேண்டாம். படம் தட்டையானது. ஆஸ்பத்திரியில் அவருடைய அலுமாரியைத் துப்புரவு செய்தபோது கைப்பையில் ஒரு பலூன் பக்கற் இருந்தது. என்னிடம் கேட்டும் நம்பாமல் தானே யாரையோ அனுப்பி வாங்கி வைத்திருக்கிறார்! அதைப் பார்த்துத்தான் நான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். அந்தப் பக்கற்றும், அவருடைய முன்கோபத்தில் ஒரு பங்கும், அந்த வகுப்பும் இனி என்னுடையவை. எவரும் தந்துதவ வேண்டியதில்லை, எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை காலை பிணைப்புப் பாடம் தொடங்கினேன். தொண்ணூறு பாகை என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது. தெல்தோட்டையிலிருந்து வரும் பிள்ளையொன்றை அழைத்து, நான்கு பலூனையும் மேசையோடு அமுக்கச் சொன்னேன். பலம் கொண்ட மட்டும் அமுக்கினாள். கையை எடுத்ததும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

வரும் வருடமும் அதே அறையில், அதே நேரத்தில், தமிழில் நான் பாடம் எடுப்பேன். அறை தராவிட்டால் உடைந்த கதிரைகளுக்கு நடுவில் எடுப்பேன். மூட வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். உள்ளே வந்து, ஒவ்வொரு முகமாக, முதலில் எண்ணட்டும். பிறகு கீறட்டும்.